மருந்தகத்தில் ஃப்ளூ ஊசி: கேள்விகளுக்கு முழு மதிப்பெண், நாற்காலிக்குப் பாதி

பருவகால ஃப்ளூ தடுப்பூசியை மருத்துவமனைக்கோ கிளினிக்கிற்கோ செல்லாமல் மருந்தகத்திலேயே போட்டுக்கொள்ளும் வசதி இப்போது பல நாடுகளில் வந்துவிட்டது. மாத்திரை வாங்கும் அதே இடத்தில், அதற்கென்று பயிற்சி பெற்ற மருந்தாளுநரிடம் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். என் தாயாரும் நானும் ஒன்றாகச் சென்று இச்சேவையைப் பயன்படுத்தினோம். அதைப் பற்றிய என் மதிப்பீடு இது. ஊசி குத்தும் நேரம் சில நொடிகள்தான். பயிற்சி பெற்றவர்கள் அதைப் பெரும்பாலும் சரியாகவே செய்துவிடுவதால், அந்த நொடிகளை மட்டும் வைத்து ஒரு மருந்தகத்தை நல்லது என்றோ மோசம் என்றோ சொல்லிவிட முடியாது. ஊசிக்கு முன்பு என்ன கேட்டார்கள், மருந்தை எங்கிருந்து எடுத்தார்கள், ஊசிக்குப் பின் எங்கே உட்காரவைத்தார்கள், எதை எழுதிக் கொடுத்தார்கள் என்பவற்றில்தான் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது.

வசதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. இணையத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு சென்றோம். பதிவு செய்யாமல் வந்தவர்களையும் அவர்கள் திருப்பி அனுப்பவில்லை, சற்று நேரம் காத்திருக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். மாலையில் வேலை முடிந்த பிறகும் வார இறுதியிலும் திறந்திருப்பது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இது ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய தடுப்பூசி அல்ல. ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேற்பரப்பில் உள்ள புரதங்கள் ஓயாமல் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருப்பதால், எந்தெந்த வைரஸ் வகைகளைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, வட அரைக்கோளத்துக்காகப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்காகச் செப்டம்பரிலும், ஆராய்ந்து பரிந்துரைக்கிறது. போதாக்குறைக்கு, முந்தைய ஊசியால் உண்டான எதிர்ப்பாற்றலும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே வருகிறது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய ஒரு காரியத்துக்கு ஆண்டுதோறும் அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டுமென்றால், உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் இரண்டாவது ஆண்டிலேயே அதைத் தள்ளிப்போடத் தொடங்கிவிடுவார். இருமுபவர்கள் நிறைந்த ஓர் அறையில் நெடுநேரம் அமர்ந்து ஃப்ளூ தடுப்பூசிக்காகக் காத்திருப்பதில் உள்ள முரணையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருந்தகத்துக்கும் இருமல் மருந்து கேட்டு வருகிறவர்கள் உண்டுதான். ஆனால் அவர்கள் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இனி, கேள்விகள். நாங்கள் போனவுடன் ஒரு படிவம் கொடுத்தார்கள். இன்று காய்ச்சல் இருக்கிறதா, இதற்கு முன் எந்தத் தடுப்பூசியாலாவது கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டதா, முட்டை ஒவ்வாமை உண்டா, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் சிகிச்சையில் இருக்கிறீர்களா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, கில்லன்-பாரே நோய்க்குறி எப்போதாவது வந்ததா என்பவை அதில் இருந்த கேள்விகள். இப்படிப்பட்ட படிவங்களை நிரப்பச் சொல்லிவிட்டு, கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கோப்பில் சொருகிவிடும் இடங்கள் உண்டு. இங்கே மருந்தாளுநர் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தார். எனக்கு அன்று லேசான மூக்கடைப்பு இருந்ததால் அதை ஓரத்தில் எழுதியிருந்தேன். காய்ச்சல் உண்டா, உடல்வலி உண்டா, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டறிந்துவிட்டு, காய்ச்சலில்லாத சாதாரணச் சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, கடும் காய்ச்சலோடு வந்திருந்தால் குணமான பிறகு வரச் சொல்லியிருப்பேன் என்றார். அதுதான் சரியான வழக்கம். ஆனால் வரிசை நீண்டிருக்கும் நேரத்தில் அதை இரண்டு வாக்கியங்களில் விளக்க எல்லாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

முட்டை பற்றிய கேள்வியைக் கண்டு சிலர் தேவையில்லாமல் அஞ்சுகிறார்கள் என்பதால் அவரிடம் அதைக் குறித்தும் கேட்டேன். பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசிகளுக்கான வைரஸ் கோழி முட்டைகளில் வளர்க்கப்படுவதால் இந்தக் கேள்வி வந்தது. ஆயினும் தடுப்பூசியில் மிஞ்சும் முட்டைப் புரதத்தின் அளவு மிகச் சொற்பம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்பதே இப்போதைய நிலைப்பாடு. முட்டையே பயன்படுத்தாமல் செல் வளர்ப்பு முறையிலும் மரபணு மறுசேர்க்கை முறையிலும் தயாரிக்கப்படும் தடுப்பூசிகளும் இருக்கின்றன. அவர் இவற்றைத் தயக்கமின்றிச் சொன்னார். கில்லன்-பாரே பற்றிக் கேட்டபோதும் மழுப்பவில்லை. நரம்புகளைத் தாக்கும் அந்த அரிய நோய் 1976-ல் அமெரிக்காவில் போடப்பட்ட பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியோடு தொடர்புபடுத்தப்பட்டது; அப்போது ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். இன்றைய பருவகால ஊசியில் அத்தகைய ஆபத்து தென்பட்டாலும், அது பத்து லட்சம் பேரில் ஓரிருவர் என்ற அளவில்தான். ஃப்ளூ காய்ச்சல் வந்த பிறகும் அதே நோய் வரக்கூடும் என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

அவருடைய அறிவைச் சோதிக்க நான் நினைக்கவில்லை. இருந்தாலும் பெட்டியின்மேல் மூன்று வகை வைரஸ்களுக்கு எதிரானது என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்ததும், சில ஆண்டுகளுக்கு முன்பு நான்கு வகை என்று போட்டிருந்தார்களே, மலிவான சரக்கைத் தள்ளிவிடுகிறார்களோ என்ற ஐயம் எழுந்தது. கேட்டேவிட்டேன். ஃப்ளூ வைரஸின் பி வகையில் யமகாட்டா என்னும் கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை, இல்லாத வைரஸுக்குத் தடுப்பூசி எதற்கு என்று அதை நீக்கிவிட்டார்கள், எச்1என்1, எச்3என்2 என்னும் இரண்டு ஏ வகைகளும் பி வகையின் விக்டோரியா கிளையும் இதில் இருக்கின்றன என்று விளக்கினார். அந்தப் பதிலில் என் ஐயம் தீர்ந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவரிடம் இந்த அளவுக்குத் தெளிவை நான் எதிர்பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மருந்தகம் என்ற இடத்துக்கே உரிய ஓர் அனுகூலம் என் தாயாரின் முறை வந்தபோது தெரிந்தது. அவர் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர். படிவத்தில் அதைக் குறிக்க மறந்துவிட்டார். ஆனால் மாதந்தோறும் அந்த மாத்திரையை அங்கேதான் வாங்குகிறோம் என்பதால், மருந்தாளுநர் கணினியில் பெயரைப் பார்த்தவுடனேயே அதைக் கேட்டுவிட்டார். மெல்லிய ஊசியைத் தேர்ந்தெடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தைத் தேய்க்காமல் குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வாரம் தவறாமல் தன் நோயாளிகளைப் பார்க்கும் குடும்ப மருத்துவருக்கும் இவ்விவரங்கள் தெரியும்தான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறவரையும் மாதத்துக்கு ஒருமுறை மருந்தாளுநர் பார்த்துவிடுகிறார். சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து வாங்க வருகிறவர்கள்தாம் ஃப்ளூவால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள். அவர்களிடம் ஊசி போட்டாயிற்றா என்று கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

என் தாயாருக்கு 65 வயதுக்கு மேல் ஆகிறது என்பதால் இன்னொரு கேள்வியும் எழுந்தது. வயதானவர்களின் உடல் தடுப்பூசிக்குச் சற்று மந்தமாகவே எதிர்வினை புரிகிறது. ஆகவே அவர்களுக்கென்று உயரளவுத் தடுப்பூசி ஒன்று இருக்கிறது. வழக்கமான ஊசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் வைரஸின் மேற்பரப்புப் புரதமான ஹீமாக்ளூட்டினின் 15 மைக்ரோகிராம் இருக்குமென்றால், இதில் 60 மைக்ரோகிராம், அதாவது நான்கு மடங்கு. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த ஊசியும் உண்டு. நாங்கள் சென்ற அன்று இரண்டுமே கையிருப்பில் இல்லை. இதை நான் குறையாகவே பதிவு செய்கிறேன். நேரம் பதிவு செய்யும்போது வயதைக் கேட்டவர்கள், அந்த வயதுக்குரிய மருந்து இல்லை என்பதை அப்போதே தெரிவித்திருக்கலாம். ஆனால் அதற்குப் பின் மருந்தாளுநர் சொன்ன ஆலோசனை நேர்மையானது. உயரளவு ஊசி கிடைத்தால் நல்லது, அதற்காக வாரக்கணக்கில் காத்திருந்து ஊசியே இல்லாமல் ஃப்ளூ பரவும் காலத்தில் நடமாடுவதைவிட, வழக்கமான ஊசியை இன்றே போட்டுக்கொள்வது மேல் என்றார். நாங்களும் அப்படியே செய்தோம்.

மருந்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ஃப்ளூ தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இருக்க வேண்டும். அதிக வெப்பம் அதைக் கெடுக்கும். உறைந்துபோனாலோ பிறகு அதைப் பயன்படுத்தவே கூடாது. இங்கே தடுப்பூசிகளுக்கென்று தனிக் குளிர்பெட்டி இருந்தது, கதவில் வெப்பநிலை காட்டும் திரையும் பக்கத்தில் அன்றாட அளவுகளைக் குறித்துவைக்கும் தாளும் இருந்தன. என்னை உட்காரவைத்துச் சட்டைக் கையை விலக்கச் சொன்ன பிறகுதான் ஊசி மருந்தை வெளியே எடுத்தார், பெயரையும் காலாவதித் தேதியையும் என்னிடம் காட்டினார். மருந்து நிரப்பியே வரும் ஒற்றை ஊசிக்குழல் அது. பல பேருக்குப் போடும் குப்பியில் சேர்க்கப்படும் தயோமெர்சால் என்னும் பதப்படுத்தி இத்தகைய ஒற்றை ஊசிக்குழலில் இராது என்பது, அதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு உதவக்கூடும்.

ஊசி போடுவதற்குக் கதவுள்ள சிறிய அறை ஒன்று இருக்கிறது. கவுன்ட்டர் ஓரத்தில் ஒரு திரையை இழுத்துவிட்டு, வரிசையில் நிற்பவர்கள் காதுபட, கர்ப்பமா, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தீர்களா என்றெல்லாம் கேட்கிற இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அத்தகைய இடத்தில் யாரும் உண்மையான பதிலைச் சொல்லமாட்டார்கள். இங்கே மருந்தாளுநர் எந்தக் கையை அதிகம் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டு மறு கையில் போட்டார். தோளின் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, டெல்ட்டாய்டு தசையின் பருத்த பகுதியைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஊசி மிக மேலே இறங்கினால் மருந்து தசைக்குள் செல்லாமல் தோள்மூட்டுப் பகுதிக்குள் புகுந்துவிடலாம். அப்படி நேர்ந்தால் வலியும் கையைத் தூக்க முடியாத நிலையும் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். அது அரிது, ஆனால் முற்றிலும் தவிர்க்கக்கூடியது. இறுக்கமான சட்டைக் கையைச் சுருட்டி மேலேற்றுவதைவிடத் தோள் முழுவதும் தெரியும்படி விலக்கிக்கொள்வதே நல்லது. மற்றபடி அரை மில்லிலிட்டர் மருந்து உள்ளே போனது எனக்குத் தெரியவே இல்லை.

இனிமேல்தான் என் குறைகள். ஊசிக்குப் பிறகு சுமார் 15 நிமிடம் அங்கேயே இருக்கச் சொல்வது பொது வழக்கம். கடும் ஒவ்வாமை பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு நேர்வது. ஊசி பயத்தாலோ வலியாலோ தலைசுற்றி மயங்கி விழுவது, குறிப்பாக இளவயதினரிடம், அதைவிட அதிகம், அதுவும் பெரும்பாலும் முதல் 15 நிமிடங்களுக்குள் நிகழ்கிறது. கீழே விழுந்தால் தலையில் அடிபடும் என்பதற்காகவே உட்காரச் சொல்கிறார்கள். ஆக, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் அந்தக் காத்திருப்புக்குப் பொருள் உண்டு. எங்களுக்குக் காட்டப்பட்ட நாற்காலிகளோ கவுன்ட்டரிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், உயரமான அடுக்குகளுக்குப் பின்னால் கிடந்தன. மயக்கம் வந்திருந்தால் அதை முதலில் கவனித்திருக்கக்கூடியவை எதிரே இருந்த வைட்டமின் புட்டிகள்தாம். அந்த நேரத்தில் எங்களிடம் வந்து பேசிய ஒரே ஊழியரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எதிர்ப்பாற்றலைக் கூட்டும் மாத்திரைகளுக்குத் தள்ளுபடி இருப்பதாகச் சொன்னார். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலின் மருந்து ஊசி அறையில் தயாராக இருந்ததை நான் பார்த்தேன், அதில் நிம்மதி. ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டியவர் எங்களைப் பார்க்க முடியாத இடத்தில் நின்றார். நேரம் முடிந்ததையும் யாரும் வந்து சொல்லவில்லை. நாற்காலிகளை ஓரிரண்டு மீட்டர் தள்ளிப்போட்டாலே தீர்ந்துவிடும் குறை இது.

இதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. மருந்துச் சீட்டுகளைச் சரிபார்ப்பவரும் தொலைபேசியில் மருத்துவரோடு பேசுபவரும் ஊசி போடுபவரும் ஒரே ஆள்தான். என் தாயாரின் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டி அவரை வெளியே அழைத்தார்கள். திரும்பி வந்து முதலிலிருந்து மறுபடி கேட்டார். அவர் பொறுப்பானவர் என்பதால் விட்ட இடத்தை ஊகித்துத் தொடராமல் முதலிலிருந்து கேட்டார், ஆனால் நிறுவனம் அவரை அந்த நிலையில் வைத்திருக்கக் கூடாது. ஃப்ளூ பருவத்தில் ஊசிக்கென்று இன்னொருவரை அமர்த்தாமல் இந்தச் சேவையை விளம்பரம் செய்வது, ஊழியரின் பொறுமையைச் செலவழித்துப் பெயர் வாங்குவதாகவே எனக்குப் படுகிறது.

விளம்பரம் என்றதும் நினைவுக்கு வருகிறது: வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டி “முழுப் பாதுகாப்பு” என்றது. அது உண்மை அல்ல. தடுப்பூசியில் உள்ள வகைகளும் வெளியே பரவும் வகைகளும் நன்றாகப் பொருந்தும் பருவங்களில், மருத்துவரை நாட வேண்டிய அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை அது 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. பொருத்தம் குறைந்த ஆண்டில் அதைவிடக் குறைவு. ஊசி போட்ட பிறகும் நோய் வந்தால் அது கடுமையாகாமல் காப்பதில்தான் இதன் பயன் அதிகம். சாதாரணச் சளிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. உள்ளே மருந்தாளுநர் இதையெல்லாம் அளந்து பேசினார்: பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும், கை வலிக்கலாம், லேசான காய்ச்சலும் உடல்வலியும் ஓரிரு நாள் இருக்கலாம், ஊசி வழியாகச் செலுத்துவது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ் என்பதால் அதனாலேயே ஃப்ளூ வராது என்றார். எனக்குக் கை வலி மட்டும் மறுநாள் வரை இருந்தது, தாயாருக்கு அதுவும் இல்லை. கடைக்குள் உண்மை பேசுகிறவர் இருக்கும்போது, வாசலில் மிகைப்படுத்துவானேன்?

பதிவு விஷயத்தில் பாதித் திருப்தி. தடுப்பூசியின் பெயர், தொகுதி எண், தேதி, போட்ட கை ஆகியவற்றை எழுதிய சீட்டைக் கேட்காமலேயே கொடுத்தார்கள். ஆனால் அது எங்கள் மருத்துவருக்குத் தானாகப் போய்ச் சேராது, நீங்களே தெரிவித்துவிடுங்கள் என்றார்கள். மையப் பதிவேடு உள்ள நாடுகளில் இந்தச் சிக்கல் இல்லை. மற்ற இடங்களில் சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுவதைத் தவிர வழியில்லை.

எல்லாரும் மருந்தகத்துக்குப் போகலாம் என்றும் சொல்லமாட்டேன். முன்பு தடுப்பூசியால் மூச்சுத்திணறலோ கடும் ஒவ்வாமையோ வந்தவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில்தான் இதை யோசிக்க வேண்டும். ஊசியைக் கண்டாலே மயங்கிவிடுபவர்கள், படுத்தபடி போட்டுக்கொள்ள அங்கே இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் பார்த்த அறையில் கட்டில் இல்லை. குழந்தைகளுக்கு மருந்தகங்கள் வயது வரம்பு வைத்திருப்பது வழக்கம். ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு முதன்முறையாகப் போடும்போது குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவைப்படும் என்பதால், அவர்களை வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடமே போவது எளிது. மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தைக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அது அமெரிக்காவில் 2 முதல் 49 வயது வரையுள்ளவர்களுக்கானது, மற்ற நாடுகளில் இந்த வரம்பு மாறலாம்; வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்டது என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் ஏற்றதல்ல. கர்ப்பிணிகள் ஊசி வடிவத்தை எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த பருவத்துக்கும் நான் அங்கேயே செல்வேன், அந்த மருந்தாளுநருக்காக. மாலை நேரக் கூட்டத்தைத் தவிர்த்து வேலைநாளின் முற்பகலில் நேரம் பதிவு செய்வேன், கவுன்ட்டருக்கு முன்னால் நாற்காலியை நானே இழுத்துப் போட்டுக்கொள்வேன். ஃப்ளூ பரவத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பாகப் போட்டுக்கொள்வதே சரி. பல மாதங்கள் முன்னதாகப் போட்டால், குறிப்பாக வயதானவர்களுக்கு, பருவம் முடிவதற்குள் ஆற்றல் தேய்ந்துவிடக்கூடும். வெப்பமண்டல நாடுகளில் பருவ எல்லைகள் அத்தனை தெளிவாக இல்லாததால், எப்போது போட வேண்டும் என்பதை அந்தந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உயரளவு ஊசி வந்தவுடன் தொலைபேசியில் அழைப்பதாகச் சொல்லித் தாயாரின் பெயரைக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். அழைக்கிறார்களா என்பதைப் பொறுத்து இந்த மதிப்பெண்ணைத் திருத்துவேன்.